செல்லும் பந்து, செல்லாத பந்து

விளையாட்டைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எழுதுவது குறைவு. எழுதினாலும் தேசியம், முதலாளியம், விளம்பரம் என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பிரதி இருக்கிறது, விதிப் புத்தகம். அதை யாரும் பிரதியாக வாசிப்பதில்லை. நான் இங்கே வாசிக்க எடுத்துக்கொள்வது அமெரிக்க பேஸ்பாலின் ஒரே ஒரு விதியை.

அந்த ஆட்டத்தில் மட்டையில் பட்ட பந்து ஒன்று 'ஃபேர்', இல்லாவிட்டால் 'ஃபௌல்'. ஆங்கிலத்தில் ஃபேர் என்றால் நியாயம். வெளுத்த தோலுக்கும் அதே சொல்தான், கல்யாண விளம்பரம் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஃபௌல் என்றால் முறைகேடு. அழுக்கு, நாற்றம் என்றும் பொருள். ஒரு பந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்ததற்கு இவ்வளவு பெரிய வசவா? நான் நம் தெருப் பையன்களின் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்: செல்லும், செல்லாது. இதில் நீதி உபதேசம் கிடையாது, கணக்கு மட்டும்தான்.

களம் இதுதான். மட்டையாளர் நிற்கும் மூலை 'ஹோம்'. அங்கிருந்து செங்கோணமாக இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் போகின்றன. வலது கோட்டில் 90 அடியில் முதல் பேஸ், இடது கோட்டில் 90 அடியில் மூன்றாம் பேஸ். கோடுகளுக்கு இடையே உள்ளது செல்லும் நிலம், மற்றதெல்லாம் செல்லாது. கோடு செல்லும் நிலத்தைச் சேர்ந்தது. கோட்டின் முடிவில் நிற்கும் கம்பத்தின் பெயர் 'ஃபௌல் கம்பம்'. ஆனால் பறந்து வரும் பந்து அதில் பட்டால் ஹோம் ரன். 1975 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், 12ஆவது இன்னிங்ஸில், பாஸ்டனின் கார்ல்டன் ஃபிஸ்க் இரண்டு கையையும் வீசி வீசிப் பந்தை உள்ளே தள்ளுவதுபோல் சைகை காட்டினாரே, அந்தப் பந்து இடது கம்பத்தில் பட்டுத்தான் 7-6 என்று ஜெயித்தது. பெயரில் ஃபௌல், கணக்கில் ஃபேர்.

கிரிக்கெட்டில் ஊறிய நமக்கு இது விசித்திரம். அங்கே மட்டையாளரைச் சுற்றி முழு வட்டமும் செல்லும். விக்கெட் கீப்பருக்குப் பின்னால் நாசூக்காகத் தட்டிவிடுகிறவனைக் கலைஞன் என்கிறோம். பேஸ்பாலின் மூதாதைகளிலும் நிலைமை இதுதான். மாசசூசெட்ஸ் பக்கம் ஆடப்பட்ட வகைக்கு 1858இல் விதி எழுதினார்கள். அதில் செல்லாத நிலம் என்று ஒன்று கிடையாது. முழு வட்டத்தையும் காக்க வேண்டியிருந்ததால் ஓர் அணிக்கு 10 முதல் 14 பேர் வேண்டியிருந்தது.

வட்டத்தை வெட்டிக் கால் வட்டமாக்கியவர்கள் நியூயார்க் நிக்கர்பாக்கர் கிளப்காரர்கள். 1845 செப்டம்பரில் அவர்கள் எழுதிய விதிகளில் ஒன்று, முதல், மூன்றாம் பேஸ்களின் வரம்புக்கு வெளியே போகும் பந்தை ஃபௌல் என்றது. ஹட்சன் ஆற்றைத் தாண்டி ஹோபோக்கனில் ஆடப் போன கனவான்கள் இவர்கள். ஏன் வெட்டினார்கள்? நகரத்து இடநெருக்கடியைக் காரணமாகச் சொல்கிறார்கள், நம்பக்கூடியதுதான். காரணம் எதுவானாலும் விளைவு தெளிவு. ஒன்பது பேர் போதும் என்றாயிற்று. பார்வையாளர் கோட்டருகே வந்து நிற்க முடிந்தது. அவரிடம் காசு வாங்கவும் பின்னால் வழி பிறந்தது.

கோடு போடுகிற கை ஒரு கோட்டோடு நிற்பதில்லை. பந்துக்கு விதி எழுதிய கிளப்களின் தேசியச் சங்கம் 1867 டிசம்பரில் மனிதருக்கும் எழுதியது: கறுப்பர் ஒருவர் இருந்தாலும் அந்தக் கிளப்புக்கு அனுமதி இல்லை. 1876இல் நேஷனல் லீக் தோன்றியபோது இதைத் தாளில் எழுதக்கூட இல்லை. 1880களுக்குள் வாய்வார்த்தையாகவே கதவைச் சாத்தினார்கள். 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை அது திறக்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டை வைத்து அம்பயரோடு சண்டை போடலாம். எழுதாத கோட்டை வைத்து யாரோடு போடுவது?

இனி நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன்: ராஸ் பார்ன்ஸ்.

1845 விதி கோட்டைச் சொன்னதே தவிர, பந்தை எந்தக் கணத்தில் பார்ப்பது என்று சொல்லவில்லை. வழக்கத்தில், முதலில் தரையைத் தொடும் இடமே கணக்கு என்றாயிற்று. உள்ளே விழுந்துவிட்டால் அப்புறம் எங்கே உருண்டாலும் செல்லும். இந்த இடைவெளியைச் சிலர் கண்டுகொண்டார்கள். மட்டையைச் சாய்த்து, பந்தை ஹோமுக்கு முன்னால் உள்பக்கமாகத் தரையில் அறைந்து, சுழற்சியோடு கோட்டுக்கு வெளியே ஓடவிடுவது. காவலாள் துரத்தி எடுப்பதற்குள் மட்டையாளர் பேஸில் நிற்பார். தொடங்கிவைத்தவர் டிக்கி பியர்ஸ் என்பார்கள். உச்சத்துக்குக் கொண்டுபோனவர் பார்ன்ஸ். மூன்றாம் பேஸ்காரர் கோட்டுக்கு வெளியே நகர்ந்து நின்றால் உள்ளே ஓட்டை விழும். உள்ளே நின்றால் வெளியே ஓடும். 1876இல், லீக்கின் முதல் பருவத்தில், சிகாகோவுக்கு ஆடிய பார்ன்ஸின் சராசரி .429. அதாவது பத்து முறை மட்டை பிடித்தால் நாலுக்கு மேல் அடி.

இதை 'அழுகுணி ஆட்டம்' என்பீர்களா? விதிக்குள் நின்று விதியின் மௌனத்தைப் பயன்படுத்தியவரை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் 1877இல் விதி மாறியது. பேஸைத் தாண்டும் முன் வெளியேறிவிட்டால், முதலில் எங்கே விழுந்திருந்தாலும் செல்லாது. கோடு அங்குலம்கூட நகரவில்லை. தீர்ப்பின் கணம் மட்டும் நகர்ந்தது. நேற்றுவரை வித்தையாக இருந்தது இன்று பிழையாயிற்று.

அந்த வருஷம் பார்ன்ஸ் 22 ஆட்டங்களே ஆடினார், .272. விதிதான் அவரை முடித்தது என்பது ஆட்ட வரலாற்றில் வழங்கும் கதை. ஆனால் அதே பருவத்தில் அவர் காய்ச்சலில் படுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. நோயில் கிடந்த காலத்துக்குக் கிளப் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டது, பார்ன்ஸ் வழக்குப் போட்டார், தோற்றார். 1871 முதல் 1875 வரை இருந்த தொழில்முறை அமைப்பின் பெயர் 'ஆட்டக்காரர்களின்' சங்கம். 1876இல் வந்த லீக்கின் பெயர் 'கிளப்களின்' லீக். பெயரிலேயே ஆள் மாறிவிட்டான். 1879இல், கிளப் ஒன்றுக்கு ஐந்து ஆட்டக்காரர்களை மற்ற கிளப்கள் தொடக் கூடாது என்று முதலாளிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். விதிமாற்றத்துக்கு இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. விதி எழுதும் பேனா யார் சட்டைப்பைக்குப் போயிருந்தது என்றுதான் சொல்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் பழைய விதி முழுக்கச் சாகவில்லை. பேஸைத் தாண்டி விழும் பந்துக்கு இன்றும் முதலில் தொட்ட இடமே கணக்கு. பிறகு அது எங்கே உருண்டாலும் கேள்வி இல்லை. பேஸுக்கு முன்னால் விழுந்ததற்கு நடத்தை பார்க்கிறார்கள், தாண்டி விழுந்ததற்குப் பிறந்த இடம் பார்க்கிறார்கள். இதை உடனே சாதிக்கு உவமையாக்க நம் கை துறுதுறுக்கும். வேண்டாம், சாதி இவ்வளவு எளிதில் இடம் மாற்றிக்கொள்வதில்லை.

அடுத்த வெட்டு 1901இல் விழுந்தது. அதுவரை செல்லாத பந்து கணக்கிலேயே சேராது. பிலடெல்ஃபியாவின் ராய் தாமஸ் போன்றவர்கள் பிடிக்காத பந்துகளையெல்லாம் வெளியே தட்டித் தட்டிவிட்டு, பிட்சரைச் சோர வைத்து, நடந்தே முதல் பேஸுக்குப் போனார்கள். 1901இல் நேஷனல் லீக்கும் 1903இல் அமெரிக்கன் லீக்கும் முதல் இரண்டு ஃபௌல்களை மட்டையாளர் கணக்கில் 'ஸ்ட்ரைக்' என்று எழுதின. அடிக்கிறவர் சராசரிகள் சரிந்தன. ஆனாலும் மூன்றாவது ஸ்ட்ரைக் ஃபௌலால் வராது என்ற சலுகை (பன்ட் தவிர) நின்றது. அந்தச் சந்தில் புகுந்து 2018 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவின் பிராண்டன் பெல்ட் ஒரே முறையில் 21 பந்துகளைச் சந்தித்தார். கடைசியில் கேட்ச், அவுட். நான் அந்த 21 பந்துகளையும் திரையில் பார்த்தேன். அலுப்பு தட்டவில்லை.

கோட்டுக்கு வெளியே ஜனங்களும் இருக்கிறார்கள். கூட்டத்துக்குள் விழுந்த பந்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதே பழைய வழக்கம். 1921இல் நியூயார்க்கில் ரூபன் பெர்மன் என்பவர் தர மறுத்தார், மைதானத்திலிருந்து வெளியேற்றினார்கள், வழக்குப் போட்டு 100 டாலர் நஷ்ட ஈடு வாங்கினார். அதே பந்து முகத்தில் அடித்தால்? அது பார்வையாளரே ஏற்றுக்கொண்ட ஆபத்து என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த பதில். ஹோமுக்குப் பின்னால் மட்டும் வலை கட்டினால் கிளப்பின் கடமை தீர்ந்தது. 2017இல் நியூயார்க்கில் ஒரு சின்னப் பெண்ணுக்கு அடிபட்டது. 2018இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மூதாட்டி இறந்தார். அதன் பிறகுதான், 2020 பருவத்துக்கு, 30 கிளப்களும் வலையை நீட்ட ஒத்துக்கொண்டன.

சரி, யார் பார்த்துச் சொல்வது? 2009 அக்டோபரில் மினசோட்டாவின் ஜோ மவர் அடித்த பந்து, நியூயார்க்கின் இடது கோட்டுக்கு உள்ளே, ஓர் அடி அளவுக்கு, சுத்தமாக விழுந்தது. அந்தக் கோட்டைப் பார்க்கவென்றே நிறுத்தப்பட்டிருந்த அம்பயர் சில அடி தூரத்தில் நின்றபடி ஃபௌல் என்றார். மினசோட்டா அதே 11ஆவது இன்னிங்ஸில் 4-3 என்று தோற்றது. ஹோம் ரன்களுக்கு 2008லேயே வீடியோ வந்திருந்தும் இந்தப் பந்துக்கு உதவவில்லை. 2014இல் மறுபார்வை விரிந்தது. அப்போதும் முதல், மூன்றாம் பேஸ் அம்பயர்கள் நிற்கும் இடத்தைத் தாண்டி விழும் பந்துகளுக்கு மட்டும்தான். அதற்கு முன்னால், பார்ன்ஸ் ஆடிய அந்தத் துண்டு நிலத்தை அம்பயரின் கண்ணுக்கே விட்டுவைத்தார்கள்.

அந்தத் துண்டில்தான் 1981 மே மாதம், சியாட்டிலில், கான்சஸ் சிட்டியின் ஏமஸ் ஓட்டிஸ் தட்டிய பந்து மூன்றாம் பேஸ் கோட்டை ஒட்டி மெல்ல உருண்டு வந்தது. மூன்றாம் பேஸ்காரர் லென்னி ராண்டில் அதைக் கையால் தொடவில்லை. மண்ணில் மண்டியிட்டுக் குனிந்து, வாயைப் பந்துக்கு அருகே கொண்டுபோனார். பந்து வெளியே போயிற்று. அம்பயர் முதலில் ஃபௌல் என்றார். எதிரணி மேனேஜர் வந்து சத்தம் போட்டதும், பந்தின் போக்கை அப்படி மாற்றக் கூடாது என்று தீர்ப்பைத் திருப்பிக்கொண்டார். ராண்டில் ஒத்துக்கொள்ளவில்லை. தான் ஊதவே இல்லையாம். வெளியே போ, வெளியே போ என்று பந்திடம் கெஞ்சினாராம்.