கொல்லிமலை ஆறும் குகைகளும்: ஆடிப் பயணம் கோடைப் பயணமான வரலாறு

கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைமேல் உள்ள ஊர்கள் ‘நாடு’ என்னும் தொகுதிகளாகப் பிரிந்துள்ளன. தேவனூர் நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என இவ்வாறு 14 நாடுகள் உண்டு. அப்பெயர்களே இன்று ஊராட்சிகளின் பெயர்களாகவும் வழங்குகின்றன. இங்கு வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். இச்சொல்லுக்கு மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள், கேரளத்துடன் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்களின் வழியினர் தாங்கள் என்னும் மரபுக்கதை இவர்களிடம் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் அதைப் பதிவு செய்துள்ளார்.

இம்மலைக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இன்று பெரும்பாலும் இரண்டைத் தேடி வருகிறார்கள்: ஆகாய கங்கை அருவி, அதைச் சூழ்ந்த காட்டில் உள்ள சித்தர் குகைகள். இரண்டையும் காண ஏற்ற பருவமாகக் கோடை விடுமுறை கருதப்படுகிறது. இந்தக் கருத்து மிக அண்மையில் தோன்றியது. கொல்லிமலையின் பழைய பயணக் காலம் ஆடி மாதம்.

ஆடிப் பயணம்

வளப்பூர் நாட்டின் பெரியகோவிலூரில் அறப்பளீசுவரர் கோயில் உள்ளது. சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட பழங்கோயில் இது. தேவாரத்தில் பெயர் மட்டும் குறிப்பிடப்படும் வைப்புத் தலங்களில் ஒன்று. சீர்காழி அம்பலவாண கவிராயரின் ‘அறப்பளீசுர சதகம்’ இக்கோயிலின் இறைவனை முன்னிறுத்திப் பாடப்பட்டது. கோயிலின் அருகில் ஓடும் ஐயாறுதான் சற்றுத் தொலைவில் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுந்து ஆகாய கங்கையாகிறது. பின்னர் அது மலையடிவாரத்தில் புளியஞ்சோலை வழியாகத் திருச்சிராப்பள்ளி மாவட்டச் சமவெளிக்குள் இறங்குகிறது.

ஆற்று மீன்களை இறைவனின் வடிவமாகக் கருதி அவற்றுக்கு உணவிடுவது இக்கோயிலின் வழக்கம். மீனை அறுத்துச் சமைத்தபோது அது மீண்டும் ஒன்றுகூடி உயிர்பெற்று நீரில் துள்ளியது என்பது தலக்கதை. அதனால் கோயிலை ஒட்டிய நீரில் மீன் பிடிப்பதில்லை. ஆடிப்பெருக்கு அன்று மலைமக்களும் சமவெளி மக்களும் இங்குத் திரள்கின்றனர். ஆற்றில் புதுநீர் ஓடும் காலம் அது. நீராடல், வழிபாடு, மீனுக்கு உணவிடல் மூன்றும் நீர் இருக்கும் நாளில் வைக்கப்பட்டிருப்பது தற்செயல் அல்ல.

சாலை வருவதற்கு முன்பு இப்பயணம் முழுவதும் கால்நடையாகவே நடந்தது. புளியஞ்சோலையிலிருந்து ஆற்றின் போக்கை ஒட்டி ஏறும் பாதை அவற்றுள் ஒன்று; இன்றும் நடப்பவர்கள் உண்டு. சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் ஏறி, மலைமேல் தங்கி, மறுநாள் இறங்கும் பயணத்தில் வழிகாட்டியாக மலைவாழ் மக்களில் ஒருவர் இல்லாமல் முடியாது. எந்த ஓடையை எங்குக் கடப்பது, எந்தப் பாறை வழுக்கும் என்பது அவர்களுக்கே தெரியும்.

கோடை ஏன் வரவில்லை

மலைக்குக் கோடையில் போவது என்னும் பழக்கம் தமிழ்நாட்டில் ஆங்கிலேயர் காலத்தில் வேரூன்றியது. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் குடியிருப்பை உருவாக்கினார். சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டில் காப்பிப் பயிர் தொடங்கியது. கொடைக்கானலும் பின்னர் அவ்வரிசையில் சேர்ந்தது. ஏற்காட்டுக்கு அருகிலேயே, அதே சேலம் மாவட்டத்தில் அன்று இருந்த கொல்லிமலை மட்டும் விடுபட்டது. காரணம் மலைக்காய்ச்சல். மலேரியாவுக்குப் பெயர்போன மலையாக ஆங்கிலேய அதிகாரிகள் இதைக் கருதினர். தன்னிடம் வருவோரை மயக்கி உயிர்பறிக்கும் கொல்லிப்பாவையைப் பற்றிச் சங்கப் பாடல்கள் சொல்வதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் கிட்டத்தட்ட அதே அச்சம்தான் அவர்களுக்கும் இருந்தது.

இந்தப் புறக்கணிப்பின் தடயம் இன்றைய அரசு விழாக்களிலும் தெரிகிறது. உதகை, கொடைக்கானல், ஏற்காடு ஆகியவற்றில் மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கின்றன. கொல்லிமலையின் முதன்மையான அரசு விழா வல்வில் ஓரி விழா. கடையெழு வள்ளல்களுள் ஒருவனும் இம்மலையை ஆண்டவனுமான ஓரியின் பெயரால், செம்மேட்டில் ஆடி 17, 18 ஆகிய நாள்களில் நடைபெறுகிறது. அதாவது அரசும் பழைய ஆடிக் கூட்டத்தின் மீதே தன் விழாவை அமைத்துக்கொண்டது.

மாற்றத்தைக் கொண்டுவந்தது சாலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் மலைச்சாலையே பின்னாளில் ஒரு ஈர்ப்பாகிவிட்டது. அருவிக்காக வருபவர்களைவிட வளைவுகளுக்காக இருசக்கர வாகனத்தில் வருபவர்கள் அதிகமோ என்று எண்ணத் தோன்றும். பள்ளி விடுமுறையும் சமவெளி வெயிலும் சேர, சித்திரையும் வைகாசியும் பயணக் காலங்களாயின.

ஆற்றின் இயல்பு

உலகின் பல ஆறுகளில் கோடைப் பொழுதுபோக்காகக் காற்றடைத்த டியூபில் மிதந்து செல்வது பரவியுள்ளது. அதற்குச் சரிவு குறைந்த, ஓரளவு ஆழமான, சீராக ஓடும் ஆறு வேண்டும். அத்தகைய ஆற்றிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. லாவோஸ் நாட்டின் வாங் வியெங்கில் 1990-களின் இறுதியில் தொடங்கிய டியூப் மிதவைப் பயணம் உயிரிழப்புகள் பெருகியதால் 2012-இல் அரசின் கடும் கட்டுப்பாட்டுக்கு உள்ளானது. ஐயாறோ குறைந்த தொலைவுக்குள் பல நூறு மீட்டர் கீழே இறங்கும் பாறையாறு. கோடையில் பாறைகளுக்கிடையே நூலாக ஓடும். மலைமேல் ஒரு இடிமழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். மிதப்பதற்கு இதில் இடமில்லை. நீர் மிகும் நாள்களில் வனத்துறை ஆகாய கங்கையில் குளிக்கத் தடை விதிப்பதும் இதனால்தான். அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. இறங்குவது எளிது, நண்பகல் வெயிலில் திரும்பி ஏறுவதே கடினம் என்பதால் காலையிலேயே சென்று திரும்புவது நல்லது.

குகைகள்

கொல்லிமலைக் குகைகளை ஆந்திரத்தின் போரா குகைகளைப்போல் எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவர். இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையிலேயே உள்ளன. ஆனால் போரா சுண்ணாம்புக்கல். நீர் அதைக் கரைத்துக் கூடங்களையும் தூண்களையும் உருவாக்கியது. கொல்லிமலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. அது அவ்வாறு கரைவதில்லை. இங்குள்ளவை பாறை பிளந்தும், பெரும் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தும் உண்டான ஒதுக்கிடங்கள். கோரக்கர், காலாங்கிநாதர் ஆகிய சித்தர்களின் பெயர்களால் அழைக்கப்படும் குகைகள் ஆகாய கங்கையை அடுத்த காட்டில் உள்ளன. அவை வழிபாட்டு இடங்கள். அங்கு விளக்கேற்றித் தியானம் செய்யவே பலர் செல்கின்றனர்.

குடைந்து அமைத்த குகையைக் காண விரும்புபவர்கள் மலையிறங்கி நாமக்கல்லுக்குச் செல்லலாம். அங்கு ஒரே பாறையின் இரு பக்கங்களில் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த குடைவரைகள் உள்ளன. அதியர் மரபினர் குடைவித்தவை அவை.

சித்தர் குகைகளுக்குச் செல்லும் வழி காடு. கோடை காட்டுத்தீயின் காலமும்கூட. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தனர். அதன் பின் அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை என்பது அதற்குப் பின் பலருக்கும் தெரியவந்தது. அக்காலத்தில் மலையாளி மக்களுள் ஒருவரை வழித்துணையாகக் கொள்வது பழைய பயணத்திலிருந்து எஞ்சிய நல்ல வழக்கம்.

நீர் யாருக்கு

ஐயாறு பற்றிய பெரிய கேள்வி சுற்றுலாவுக்கு வெளியே எழுந்தது. தமிழ்நாடு மின்சார வாரியம் கொல்லிமலையில் 20 மெகாவாட் நீர்மின் திட்டத்தை முன்னெடுத்தது. மலைமேல் உள்ள ஓடைகளில் தடுப்பணைகள் கட்டி, நீரைக் குழாய்களின் வழியே புளியஞ்சோலைப் பக்கம் இறக்கி மின்சாரம் எடுப்பது திட்டம். மலையின் உயரமும் செங்குத்தான சரிவும் மின் உற்பத்திக்கு உகந்தவை. அதே சரிவுதான் அருவிக்கும் ஆதாரம். ஓடைகளைத் திருப்பினால் ஆகாய கங்கை வறண்டுபோகும், மலைமேல் பாசனமும் குடிநீரும் குறையும் என்று மலைமக்களும் சூழலியல் ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆடியில் பெருகும் நீரில் ஒரு பகுதியைத் திருப்புவது ஒன்று; சித்திரையில் பாறையிடுக்கில் ஓடும் நீரைத் திருப்புவது வேறு. எந்த மாதத்தில் எவ்வளவு நீர் ஆற்றிலேயே விடப்படும் என்பதில்தான் அந்த எதிர்ப்பின் உயிர்நிலை இருக்கிறது.