பதின்மூன்று நாள் வானம்

இந்திரலால் ராயின் பெயரை வங்கத்துக்கு வெளியே அறிந்தோர் சிலரே. 1898 டிசம்பர் 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தவர். இலண்டன் செயின்ட் பால் பள்ளியில் பயின்றார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டானிய வான்படையில் சேர முயன்றார். கண்பார்வை போதாதென்று திருப்பியனுப்பினர். தம் மோட்டார் சைக்கிளை விற்று, அப்பணத்தில் பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறு சோதனை செய்துகொண்டு மீண்டும் சென்றார் என்பர். 1917 ஜூலையில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

தொடக்கம் நற்சகுனமாக இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் பிரான்சில் அவருடைய விமானம் நொறுங்கி விழுந்தது. இறந்துவிட்டாரென்று பிணவறையில் கிடத்தினராம். உணர்வு தெளிந்து உள்ளிருந்து கதவைத் தட்டினாராம். கதை சற்றே மிகையாயிருக்கலாம். ஆனால் தேறிவந்த நாள்களில் அவர் விமானங்களைச் சித்திரமாகத் தீட்டியது உண்மை. பறக்க விடாதபோது, வரைந்தார்!

1918 ஜூனில் 40ஆம் அணியில் சேர்ந்தார். தலைவர் மெக்எல்ராய் என்னும் அயர்லாந்துக்காரர். ஜூலை 6ஆம் நாள் முதல் வெற்றி. 8ஆம் நாள் நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 19ஆம் நாள் பத்தாவது. இவற்றுள் இரண்டு தோழர்களோடு பகிர்ந்துகொண்டவை. பதின்மூன்றே நாள்! 22ஆம் நாள் கார்வின் நகர்ப்புறத்தில் ஜெர்மானியப் ஃபோக்கர் விமானங்களோடு பொருது வீழ்ந்தார். அகவை 19. ஒன்பது நாள் கழித்து மெக்எல்ராயும் மடிந்தார். செப்டம்பரில் ராய்க்குச் சிறப்புமிகு பறத்தற் சிலுவை விருது அறிவிக்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

ஆள்வோரின் போரில் அடிமை நாட்டு இளைஞன் உயிரை ஈந்தானே என்று வருந்துவோர் உண்டு. வருத்தம் நியாயமே. ஆயினும் படையில் அதிகாரிப் பதவி இந்தியர்க்கு எட்டாக் கனியாயிருந்த காலத்தில், அவரும் ஹர்தித் சிங் மாலிக் முதலிய மூவரும் விமானியரானது சிறிய செய்தியன்று. இந்திய வான்படை தோன்றியது 1932இல்தான்.

பிரான்சின் எஸ்தெவெல் சிற்றூர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார். கல்லில் பிரெஞ்சு மொழியோடு வங்க எழுத்தும் உண்டு: மாவீரனின் கல்லறை இது, மதித்து நில், தொடாதே என்னும் பொருளில்.