சந்திரலேகா: பெயர் முந்தி, கதை பிந்தி

'சந்திரலேகா' என்றதும் நம் நினைவில் முதலில் எழுவது முரசு நடனம். வரிசை வரிசையாய் நிற்கும் பேரிகைகள், அவற்றின்மேல் ஆடும் பெண்கள், ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வெளிப்படும் வீரர்கள், அதன்பின் நெடுநேரம் நீளும் வாட்போர். 1948 ஏப்ரல் 9 அன்று வெளியான இப்படத்தின் வரலாறு பெரும்பாலும் இந்தக் காட்சியோடு தொடங்கி எஸ்.எஸ்.வாசனின் துணிச்சலைப் புகழ்வதோடு முடிந்துவிடுகிறது. படம் உருவான ஐந்தாண்டுகளைச் சற்று நின்று பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

தொடக்கமே விசித்திரமானது. 1943இல் 'மங்கம்மா சபதம்' பெற்ற வெற்றிக்குப் பின், அடுத்த படம் 'சந்திரலேகா' என்று வாசன் விளம்பரம் செய்துவிட்டார். அப்போது அவர் கையில் இருந்தது ஒரு பெண்ணின் பெயர் மட்டுமே. கதை இல்லை. அந்தப் பெயருக்கு ஒரு வாழ்க்கையை உண்டாக்கும் பணி ஜெமினியின் கதை இலாகாவுக்கு வந்தது. கொத்தமங்கலம் சுப்பு, 'சுதந்திரச் சங்கு' நடத்திய சங்கு சுப்பிரமணியம், கே.ஜே.மகாதேவன், வேப்பத்தூர் கிட்டு, நைனா ஆகியோர் அதில் இருந்தனர். முதலில் சொல்லப்பட்ட கதை வாசனுக்குப் பிடிக்கவில்லை. பின்னர் ரெயினால்ட்ஸின் ஆங்கில நாவலான 'ராபர்ட் மக்கேர்' தந்த பொறியிலிருந்து கிட்டு ஒரு கதையைக் கொண்டுவந்தார். ஆரணி குப்புசாமி முதலியார் காலத்திலிருந்தே தமிழ் நாவலுக்குத் தீனியிட்ட ரெயினால்ட்ஸ், இவ்வாறு திரைக்கும் வந்து சேர்ந்தார் என்பது இலக்கிய வாசகர் கவனிக்கத்தக்கது.

கதை கிடைத்ததும் இடர்கள் நீங்கிவிடவில்லை. எம்.கே.ராதாவை முதலில் வில்லன் சசாங்கன் வேடத்துக்கே அழைத்தனர். கதாநாயகப் புகழுக்கு ஊறு நேரும் என அவர் குடும்பத்தினர் அஞ்சியதால் அவர் வீரசிம்மன் ஆனார். வில்லனாகக் கே.ஜே.மகாதேவனை வைத்துச் சில காட்சிகள் எடுத்தபின், அவரிடம் கொடுமை போதவில்லை என்று கைவிட்டனர். அந்த வேடம் இறுதியில் ரஞ்சனிடம் சென்றது. பாதிப் படம் எடுத்து முடித்த நிலையில்தான் சர்க்கஸ் காட்சிகளைச் சேர்க்கும் எண்ணமே தோன்றியது. கிட்டு ஊர் ஊராய்ச் சென்று சர்க்கஸ்களைப் பார்த்து வந்தார். கதை மீண்டும் திருத்தப்பட்டது.

அதுவரை இயக்கிவந்தவர் ஆச்சார்யா எனப்பட்ட டி.ஜி.ராகவாச்சாரி. பாதிக்கு மேல் எடுத்திருந்த அவர், வாசனோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் விலகினார். எஞ்சியதை வாசனே இயக்கினார். அதற்குமுன் அவர் எந்தப் படத்தையும் இயக்கியவர் அல்லர். ஆயினும் இயக்குநர் என்று படம் தாங்கி நிற்பது அவர் பெயரையே.

காலமும் எளியதன்று. உலகப்போரின்போது கச்சாப் பிலிம் பங்கீட்டுக்கு உள்ளாகி, படத்தின் நீளம் 11,000 அடிக்குள் அடங்கவேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. போர் ஓய்ந்தபின் வெளிவந்த 'சந்திரலேகா'வோ சுமார் மூன்றரை மணி நேரம் ஓடுகிறது. செலவு 30 இலட்சம் ரூபாய் எனக் கூறுவர். வாசன் சொத்துகளை விற்றார். நண்பர்களிடம் கடன் பெற்றார். படம் வீழ்ந்திருந்தால் ஸ்டுடியோவும் அதை நம்பிய அத்தனை குடும்பங்களும் வீழ்ந்திருக்கும்.

தமிழ்ப் பதிப்பு திரளான மக்களை ஈர்த்தும் போட்ட முதலை மீட்கவில்லை. 1948 டிசம்பரில் வெளியான இந்திப் பதிப்பே ஜெமினியைக் காத்தது. தென்னகப் படங்களுக்கு வடக்கின் வாயிலைத் திறந்ததும் அதுவே.

இவ்வரலாற்றில் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. இப்படத்தின் ஆசிரியர் யார்? பெயரைத் தந்தவரா, கதையைத் தந்தவரா, பாதியை எடுத்துவிட்டு வெளியேறியவரா, மீதியை முடித்தவரா? கவிதைக்கும் நாவலுக்கும் ஒரே கையொப்பத்தைத் தேடிப் பழகியவர்கள் நாம். கதை இலாகா என்பது அப்பழக்கத்துக்கு அடங்காத அமைப்பு. எழுத்தாளர்கள் மாதச் சம்பளத்துக்கு ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே கதையைப் பலராக நெய்தனர். பிற்காலத்தில் ஜெமினியில் பணிபுரிந்த அசோகமித்திரன் அந்தச் சூழலைத் தம் எழுத்தில் பதிந்திராவிட்டால், அம்மனிதர்களின் முகங்கள் நமக்கு இந்த அளவுக்கும் தெரிந்திரா.

இதனால் வாசனின் பெருமை குறைந்துவிடாது. கைப்பொருள் முழுவதையும் பணயம் வைத்தவர் அவரே. ஆனால் முரசின்மேல் ஆடியவர்களைக் கொண்டாடும் நாம், முரசுக்குள் மூச்சடக்கிக் காத்திருந்தவர்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஸ்டுடியோ மறைந்துவிட்டது, சென்னையில் ஒரு மேம்பாலத்தை மக்கள் இன்றும் ஜெமினி என்றே அழைக்கிறார்கள். அடுத்தமுறை அப்படத்தைப் பார்க்கும்போது, ஆச்சார்யாவையும் கிட்டுவையும் ஒருகணம் நினைத்துக்கொள்வோம்.