ஜார்ஜியா மல்லாட்டையும் என் நோட்டுப் புத்தகமும்

மல்லாட்டை பிடுங்கி, காய வைத்து, உடைத்து முடித்தாகிவிட்டது. மல்லாட்டை என்றால் உங்கள் வேர்க்கடலைதான். மணிலாக்கொட்டை என்ற பெயர் எங்க விழுப்புரம் பக்கத்து வாயில் புகுந்து புறப்பட்டு மல்லாட்டை ஆகிப்போச்சு.

போன மாசம் வேளச்சேரியிலிருந்து ஒரு போன். ரெண்டு வருஷமா நம்மகிட்ட வறுத்த கடலை வாங்குகிற அம்மா. “அண்ணா, இந்தத் தடவை வந்த பாக்கெட்டுல பூசண வாடை அடிக்குதுங்க.” நான் பதறிப்போய், தூக்கிப் போட்டுடுங்கம்மா, வேற அனுப்பிடுறேன்னு சொன்னேன். அவங்க விடலை. “அது சரிங்கண்ணா. இதே மூட்டையில இருந்து வேற யாருக்கெல்லாம் போச்சு? அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

என்னிடம் பதில் இல்லை. எந்த மூட்டை எந்தப் பாக்கெட்டாச்சு, எந்தப் பாக்கெட் யார் வீட்டுக்குப் போச்சு, ஒன்றும் எழுதி வைக்கவில்லை. உணவுத் தொழில்நுட்பம் படித்த என் தம்பி மகனிடம் இதைச் சொன்னபோது, “பெரியப்பா, அமெரிக்காவுல ஒரு மல்லாட்டை கம்பெனி கதை இருக்கு, படிங்க” என்றான். படித்தேன். ரெண்டு நாள் தூக்கம் வரலை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜார்ஜியா மாநிலத்தில் பிளேக்லி என்று ஒரு சின்ன ஊர். அமெரிக்க மல்லாட்டையில் ஏறக்குறைய பாதி அந்த மாநிலத்தில்தான் விளைகிறது. ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரே அங்கே மல்லாட்டை விவசாயியாக இருந்தவர்தான். பிளேக்லி கோர்ட் வாசலில் மல்லாட்டைக்கு நினைவுச் சின்னமே வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் ‘பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா’ என்ற கம்பெனி கடலையை வறுத்து, அரைத்து, விழுதாக்கி மற்ற கம்பெனிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தது. கடையில் அதன் பெயரை யாரும் பார்த்திருக்க முடியாது. பெயர் எல்லாம் பிஸ்கட் கம்பெனிக்காரன் பெயர், உள்ளே இருந்த விழுது மட்டும் இவர்களுடையது.

2008 கடைசியில் பல மாநிலங்களில் ஜனங்களுக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். பரிசோதித்தால் எல்லாருக்கும் ஒரே ரக சால்மோனெல்லா கிருமி. ஆனால் எதைத் தின்றதால் வந்தது? இதைக் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. மூணு வாரத்துக்கு முன்னால என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா எனக்கே நேத்து ராத்திரி சாப்பிட்டது ஞாபகம் இருக்காது. மினசோட்டா மாநிலத்தில் இதற்கென்றே கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்து நோயாளிகளுக்கு வரிசையாக போன் போடுவார்களாம். அப்படிக் கேட்டுக்கேட்டுப் பார்த்ததில், முதியோர் இல்லங்களிலும் ஒரு பள்ளிக்கூடத்திலும் சாப்பிட்டவர்கள் தெரிய வந்தார்கள். எல்லா இடத்துக்கும் பொதுவாக இருந்தது ‘கிங் நட்’ என்ற பெயரில் வந்த கடலை வெண்ணெய் டப்பா. திறந்து வைத்திருந்த டப்பாவைப் பரிசோதித்தால் அதே கிருமி. டப்பாவின் பிறப்பிடம் பிளேக்லி.

சால்மோனெல்லா என்றதும் சால்மன் மீன் ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டேனியல் சால்மன் என்ற கால்நடை மருத்துவர் பெயர் அது. 1885 வாக்கில் கிருமியை உண்மையில் கண்டுபிடித்தவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த தியோபால்ட் ஸ்மித். உழைத்தது ஒருத்தர், பெயர் இன்னொருத்தருக்கு, எங்கேயும் இதே கதைதான்.

பறவை, எலி, ஆடு மாடு இவற்றின் குடலில் இருக்கிற கிருமி இது. நிலத்திலோ களத்திலோ கடலையில் ஒட்டினாலும், சரியான சூட்டில் வறுத்தால் செத்துவிடும். வறுத்த பிறகு மறுபடி ஒட்டினால்தான் ஆபத்து. பிளேக்லி ஆலையில் கூரை ஒழுகியது. பச்சைக் கடலையும் வறுத்த கடலையும் ஒழுங்காகப் பிரித்து வைக்கப்படவில்லை. கடலை விழுதில் ஈரம் கம்மி, அதனால் கிருமி பெருகாது. ஆனால் சாகவும் சாகாது, மாசக்கணக்கில் அப்படியே கிடக்கும். எண்ணெய் அதைச் சுற்றி கவசம் மாதிரி நிற்பதால், வயிற்று அமிலத்திலிருந்தும் தப்பித்துக் குடலுக்குப் போய்விடும். (என் பாக்கெட்டில் இருந்தது பூசணம், அது வேற சமாச்சாரம். அதன் நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது.)

2009 ஜனவரியில் திரும்பப் பெறுதல் ஆரம்பித்தது. முதலில் அந்த ஒரு டப்பா. அப்புறம் கெல்லாக் கம்பெனி பிஸ்கட். அப்புறம் ஐஸ்கிரீம், மிட்டாய், நாய் பிஸ்கட் வரைக்கும். ஜனவரி 28ஆம் தேதி, 2007 ஜனவரி 1 முதல் பிளேக்லியில் தயாரான எல்லாவற்றையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ரெண்டு வருஷத்துச் சரக்கு! அதில் பாதி எப்பவோ ஜீரணமாகியிருக்கும். கெண்டக்கியில் பனிப்புயலில் சிக்கியவர்களுக்குக் கொடுத்த நிவாரணப் பொட்டலத்தில்கூட இந்த விழுது இருக்கலாம் என்று எச்சரிக்க வேண்டி வந்தது. மொத்தம் 3,900க்கும் மேற்பட்ட பொருட்கள். 46 மாநிலங்களில் 714 பேருக்கு நோய் உறுதியானது, 9 பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சின்னப் பிள்ளைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்.

இதுவரைக்கும் விபத்து என்று சொல்லிவிடலாம். தூக்கம் கெட்டது அதற்கப்புறம் படித்ததில்தான். கம்பெனிக்கு முன்னாடியே தெரியும். அவர்கள் அனுப்பிய மாதிரியிலேயே கிருமி இருக்கிறது என்று ஆய்வகம் பல தடவை சொல்லியிருக்கிறது. இன்னொரு ஆய்வகத்தில் மறுபடி பார்த்து, இல்லை என்று வந்ததும் அனுப்பிவிடுவார்கள். சில சமயம் முடிவு வருவதற்கு முன்பே லாரி கிளம்பிவிடும். போலிச் சான்றிதழும் சேர்ந்து போகும். வாடிக்கையாளரை இழக்க முடியாது, அனுப்பித் தொலை என்கிற அர்த்தத்தில் முதலாளி ஸ்டூவர்ட் பார்னெல் எழுதிய மின்னஞ்சல் பின்னாடி வழக்கில் வந்தது.

2009 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழு முன்னால் அவரை உட்கார வைத்து, திரும்பப் பெற்ற பண்டங்கள் அடங்கிய ஜாடி ஒன்றைக் காட்டி, இதை நீங்கள் சாப்பிடுவீர்களா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லாத உரிமையைச் சொல்லி, பார்னெல் பதில் தர மறுத்துவிட்டார். 2014இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2015 செப்டம்பரில் 28 வருஷம் சிறை.

எனக்கு மனசு நின்றது ஜார்ஜியா விவசாயிகளிடம். ஒரு ஆலை செய்த தப்புக்கு, அங்கே சரக்கே வாங்காத பெரிய கம்பெனிகளின் கடலை வெண்ணெயும் கடையில் தேங்கிவிட்டது. முந்தின வருஷம் விளைச்சல் வேறு அமோகம். விலை விழுந்தது, அடுத்த போகத்தில் மல்லாட்டை போட்ட பரப்பே குறைந்தது. கிருமியைப் பற்றி ஒன்றும் அறியாதவன் தலையில்தான் கடைசியில் இடி விழுந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். அன்றைக்கு அமெரிக்க அரசாங்கத்துக்கே, இந்தச் சரக்கைத் திரும்ப வாங்கு என்று கம்பெனிக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை! கம்பெனியாகப் பார்த்து அறிவிக்க வேண்டியதுதான். 2011 ஜனவரி 4ஆம் தேதி கையெழுத்தான புதுச் சட்டத்தில்தான் அந்த அதிகாரம் வந்தது. நம்ம நாட்டிலும் 2017இல் உணவு திரும்பப் பெறும் விதிமுறைகள் வந்திருக்கின்றன.

ஆனால் திரும்பக் கூப்பிட வேண்டுமென்றால் எங்கே போனது என்று தெரிய வேண்டுமே. எங்க கமிட்டியில் விற்ற மூட்டை அடுத்து எங்கே போகிறதென்று பாருங்கள். வியாபாரி குடோனில் பத்து ஊர்ப் பயிறு ஒரே குவியலாகக் கொட்டப்படுகிறது. அதில் என் மூட்டை எது, பக்கத்து ஊர்க்காரர் மூட்டை எது? பிளேக்லி சரக்கையாவது எண்ணைப் பார்த்துத் தேட முடிந்தது.

இப்போது ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கியிருக்கிறேன். மூட்டைக்கு நம்பர், காய வைத்த தேதி, வறுத்த தேதி, போன வீட்டு விலாசம். என் பொண்ணுதான் எழுதுகிறாள், என் கையெழுத்து எனக்கே புரியாது. பழைய மூட்டைக்கு வழியில்லாததால் கூரியர் ரசீதுகளைத் தேடி எடுத்து, அந்த ரெண்டு வாரத்தில் வாங்கின 14 பேருக்கும் போன் பண்ணினேன். அதில் ரெண்டு பேர், ஆமா அண்ணே, லேசா வாடை இருந்துச்சு, வறுக்கும்போது கருகிடுச்சோன்னு நெனச்சோம் என்றார்கள். ஒரு வீட்டில் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறார்கள். நல்லா இருக்கிறானாம். 13 பேரிடம் பேசிவிட்டேன். தாம்பரத்தில் ஒருத்தர் மட்டும் இன்னும் போனை எடுக்கவில்லை. இதைப் படித்தால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு போன் பண்ணுங்க சார்.