மெய்க்கருவுயிரிகளில் படியெடுப்புத் தொடக்கம்

மெய்க்கருவுயிரிகளில் படியெடுப்புத் தொடக்கம் என்பது, உயிரணுவின் கருவினுள் ஒரு மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கத் தேவையான நொதியும் பிற புரதங்களும் அம்மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒன்றுகூடிப் பணியைத் துவக்கும் நிகழ்வு ஆகும். ஒருவரது கல்லீரல் உயிரணுவிலும் நரம்பணுவிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே டி.என்.ஏ. தான். எந்த மரபணுக்கள் படியெடுக்கப்படுகின்றன என்பதே இவ்வுயிரணுக்களை வேறுபடுத்துகிறது. அத்தெரிவு பெரும்பாலும் இக்கட்டத்திலேயே நிகழ்கிறது.

பாக்டீரியாவில் சிக்மா காரணி என்னும் ஒரே புரதத்தின் துணையுடன் பாலிமரேசு நொதி தொடங்குமிடத்தை அறிந்துகொள்கிறது. மெய்க்கருவுயிரிகளில் மூன்று வகைப் பாலிமரேசுகள் இருப்பதை ராபர்ட் ரோடர், வில்லியம் ரட்டர் ஆகியோர் 1969 இல் வெளியிட்டனர். இவற்றுள் புரதங்களுக்கான தூது ஆர்.என்.ஏ.வை உருவாக்குவது பாலிமரேசு 2 ஆகும். 12 துணையலகுகள் கொண்ட பெரிய நொதியாயினும், தொடங்குமிடத்தை இதனால் தனியே கண்டறிய இயலாது.

முன்தொடக்கத் தொகுதி

இக்குறையை ஈடுசெய்பவை பொதுப் படியெடுப்புக் காரணிகள். இவை டி, ஏ, பி, எஃப், இ, எச் என ஆங்கில எழுத்துகளால் பெயரிடப்பட்டுள்ளன. தொடங்குமிடத்திற்கு ஏறத்தாழ 30 எழுத்துகள் முன்பாக, சில மரபணுக்களில் டாட்டா பெட்டி என்னும் வரிசை உண்டு. டி காரணியின் ஓர் உறுப்பு அதனைப் பற்றி, டி.என்.ஏ.வை ஏறக்குறைய 80 பாகை வளைக்கிறது. ஏ காரணி இப்பிணைப்பை உறுதியாக்க, பி காரணி பாலிமரேசு வந்தமரும் இடத்தை அமைக்கிறது. பாலிமரேசு எஃப் காரணியுடன் சேர்ந்து வருகிறது; இறுதியில் இ, எச் காரணிகள் இணைகின்றன. சோதனைக்குழாயில் கண்டறியப்பட்ட வரிசை இது. பாடநூல்களில் டாட்டா பெட்டியே முதன்மையாகக் காட்டப்பட்டாலும், மனித மரபணுக்களில் பெரும்பான்மையானவற்றில் அது இல்லை. அவற்றில் வேறு வரிசைகள் டி காரணியை ஈர்க்கின்றன.

எச் காரணி ஏ.டி.பி. ஆற்றலைக் கொண்டு டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் பிரிக்கிறது. பின்னர், பாலிமரேசின் வால்பகுதியில் பாசுபேட்டுகளைச் சேர்க்கிறது. மனிதரில் இவ்வால் ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட அலகு 52 முறை அடுக்கிவந்த அமைப்பாகும். பாசுபேட்டு சேர்ந்தபின் நொதி தொடக்கப் பகுதியை விட்டு நகர்கிறது. அதற்குமுன் பல முறை குறுந்துண்டுகளை உருவாக்கிக் கைவிடுவதும் உண்டு.

மருத்துவத் தொடர்பு

அமானிட்டா பல்லாய்டிசு என்னும் நச்சுக்காளானில் உள்ள ஆல்பா அமானிட்டின் பாலிமரேசு 2 ஐ முடக்குகிறது. புதிய தூது ஆர்.என்.ஏ. உருவாகாமல் கல்லீரல் செயலிழப்பதால், உண்டவர் இறக்கக்கூடும். சமைத்தாலும் இந்நஞ்சு அழிவதில்லை. எச் காரணியின் சில உறுப்புகள் புற ஊதாக் கதிரால் பழுதுற்ற டி.என்.ஏ.வைச் சீராக்கவும் பயன்படுகின்றன. அவற்றில் பிறழ்வு உள்ள சிலருக்கு, வெயில்படும் தோலில் இளவயதிலேயே புற்றுநோய் தோன்றும் சீரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் மரபுநோய் ஏற்படுகிறது.

மெய்க்கருவுயிரிப் படியெடுப்பின் மூலக்கூற்று அடிப்படையை ஆராய்ந்தமைக்காக ரோசர் கோர்ன்பெர்க் 2006 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இவருடைய தந்தை ஆர்தர் கோர்ன்பெர்க், டி.என்.ஏ. உருவாக்கம் குறித்த ஆய்வுக்காக 1959 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.