பூனைக்கு வாய்ப்புண்ணா? பனடோல் வேண்டாம்

பசியோடு தட்டருகே வந்து, உண்ணாமல் விலகும் பூனைக்கு வாய்வலி இருக்கலாம். எச்சில் வடிதல், துர்நாற்றம், உடல் மெலிதல் ஆகியவையும் அறிகுறிகள்.

பல்லில் படியும் கிருமிகளுக்கு எதிராக உடலின் எதிர்ப்புச் சக்தி அளவுமீறிச் செயல்படும்போது ஈறும் தொண்டையோரமும் நாள்பட்ட புண்ணாகின்றன. கலிசி வைரசுக்கும் இதில் தொடர்புண்டு. மருந்து மட்டும் பெரும்பாலும் நிலையான பலன் தராது. வளர்ந்த பூனையின் 30 பற்களில் கடைவாய்ப் பற்களை அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. பெரும்பாலான பூனைகள் அதன்பின் தேறுகின்றன. மசித்த மீனும் ஊறவைத்த உணவும் உண்ணும்.

வலி தீர பனடோல் கொடுக்கக்கூடாது. ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறிக்கலாம். சில நாள் பட்டினியே கல்லீரலைப் பாதிக்கும் என்பதால், தோட்டப்புறத்தினர் தாமதிக்காமல் ஈப்போ போன்ற அருகிலுள்ள நகரின் கால்நடை மருத்துவரை நாடுவது நல்லது. 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டமும் பராமரிப்பை உரிமையாளரின் கடமையாக்கியுள்ளது.