மண்ணுக்குள் இருந்த காடு
ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில், மராடிப் பகுதியில் நட்ட கன்றுகளுள் பெரும்பாலானவை கருகிப்போயின. 1983-இல் அங்குப் பணியாற்றிய ஆஸ்திரேலிய மறைப்பணியாளர் டோனி ரினாடோ, வெறும் புதரென எவரும் பொருட்படுத்தாதவை வெட்டுண்ட மரங்களின் தளிர்களே எனக் கண்டார். வேர்கள் மண்ணுக்குள் உயிரோடிருந்தன! ஈசாயின் அடிமரத்தை அறிந்த நமக்கு இது விந்தையன்று. உழவர்கள் நல்ல தளிர் சிலவற்றை மட்டும் விட்டு, ஏனையவற்றைக் கழித்துக் காத்தனர். உதிர்ந்த இலை மண்ணுக்கு உரமாயிற்று. மரங்கள் புழுதிக்காற்றைத் தடுத்தன. ஆனால் பிரெஞ்சு ஆட்சிக்காலம் தொட்டு மரம் அரசின் சொத்து. வளர்த்தவனுக்கு வெட்ட உரிமையில்லையெனில் எவன் காப்பான்? அக்கெடுபிடி தளர்ந்ததே பெருந்திருப்பம் என்போம் நாம். இருபதே ஆண்டுகளில் ஏறத்தாழ 50 இலட்சம் எக்டேர் நிலத்தில் மரங்கள் மீண்டன. 2005-இல் பஞ்சம் வந்தபோது, மரம் காத்த ஊரார் விறகு விற்றுத் தானியம் வாங்கினர்.